முறுக்கியிருந்த நட்டு

நம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியைக் கொடுத்திருக்கிறேன். அதைச் சிரிக்காமல் வாங்கிய ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. மரத்தைக் குடையும் ரௌட்டர் இயந்திரத்தில், வெட்டும் அலகான பிட்டை மாட்டி நட்டை முறுக்கியதும், பிட்டின் தண்டு இயந்திரத்தின் வாய்க்குள் நுழைகிற இடத்தில், தண்டையும் வாயின் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போட வேண்டும். நாலு வெட்டு வெட்டிவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு முழுசாக இருந்தால் பிட் நகரவில்லை. பிளந்திருந்தால் நகர்ந்துவிட்டது. கோடு ஒட்டாமலே வழுக்கினால் தண்டில் எண்ணெய் இருக்கிறது, அந்த பிட்டை மாட்டவே கூடாது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களை "சொன்னதைச் செய்" என்று வாயடைத்திருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் இல்லை என்பது தெரியும்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் அந்தக் காரணத்தை எழுதுகிறேன். இனி யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்த முடியாது. இந்த லட்சணத்தில்தான் எனக்குத் தைரியம் வருகிறது என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், நடுவில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்த பட்டறை, கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்குக் கிடங்கில் இருந்தது. மழைக்காலத்தில் சுவரிலிருந்து சுக்கு வாசனை கிளம்பும். கோயர் பாடும் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும், மேடைக் கச்சேரி செய்யும் கானமேளாக் குழுக்களுக்கும் கிட்டார் செய்தோம். என்னைச் சேர்த்தது பாலிஷ் போட. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் வேலை. அங்கே வேலை பார்த்த முதல் பெண் நான்தான். அப்பா நகராட்சி வேலையிலிருந்து இருமலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி, தங்கை இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் ஒரே ஒரு ரௌட்டர் இருந்தது, ஏதோ கப்பலிலிருந்து வந்தது. அதை மேசைக்கு அடியில் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். மேசையில் உள்ள ஓட்டை வழியாக பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினால் அடிப்பக்கம் வெட்டுப்படும். கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி வைப்போம், கழுத்து வளையாமல் இருக்க. அந்தக் கம்பி உட்காரும் நீளப் பள்ளத்தை, காடியை, வெட்டுவதுதான் ரௌட்டரின் முக்கிய வேலை. வெட்டு நடப்பது அடியில், கண்ணுக்குத் தெரியாது. அழுத்துகிற இடது கை ஒவ்வொரு முறையும் பிட்டுக்கு நேர் மேலே கடந்து போகும். நடுவில் இருப்பது கழுத்து மரம் மட்டும். இன்று உங்களுக்குத் தள்ளுகட்டை இருக்கிறது. அன்று கைதான்.

அந்த மேசை தங்கப்பன் சேட்டனுடையது. எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். ஆனாலும் மட்டாஞ்சேரியில் யார் அண்ணன் என்று கூப்பிட்டார்கள், எல்லோரும் சேட்டன்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வேலையில் அப்படி ஒரு ஒழுங்கு. ஒருமுறை மொதலாளி யாரோ கப்பல்காரரிடமிருந்து கொஞ்சம் பிட்டுகள் வாங்கி வந்தார். எங்கள் இயந்திரத்தின் வாய் காலங்குலம், அந்த பிட்டுகளின் தண்டு ஆறு மில்லிமீட்டர், கொஞ்சம் ஒல்லி. தகரத்தை மெல்லிசாக வெட்டித் தண்டில் சுற்றி மாட்டலாம் என்றார் மொதலாளி. தங்கப்பன் சேட்டன் மாட்டவில்லை. "பிடிக்காத வாயில பிட்டு நிக்காது மொதலாளி. வேற ஆளை வச்சு வெட்டிக்கோங்க, நான் மாட்டல" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டார். மொதலாளிக்கு முகம் செத்துப்போனது. ஆனால் அந்த பிட்டுகள் கடைசிவரை பெட்டியிலேயே கிடந்தன. நடந்ததைக் கேட்கும்போது இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரிக் காற்று உப்புக் காற்று. சனிக்கிழமை மாலை விட்டுப்போன இரும்பு திங்கட்கிழமை காலையில் சிவந்திருக்கும். அதனால் சந்தில் உள்ள எல்லாப் பட்டறையிலும் சனிக்கிழமை வேலை முடிந்ததும் உளிக்கும் பிட்டுக்கும் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். எங்கள் பட்டறையில் அதைத் துணியால் வெட்டும் முனையில் மட்டும் லேசாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்ததும் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஒரு பழைய பவுடர் டப்பாவில் எண்ணெய் ஊற்றி, பிட்டுகளை முழுசாக முக்கி, அப்படியே நிறுத்திவைத்தேன். இரண்டு மழைக்காலம் போயும் ஒரு பிட்டில்கூடத் துரு இல்லை. மொதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பிட்டுகளை எடுத்து வெட்டும் முனையை நன்றாகத் துடைப்பேன். எண்ணெய் மரத்தில் பட்டால் கறை, கறை பட்ட இடத்தில் பாலிஷ் ஏறாது. பாலிஷ்காரியான எனக்கு அது தெரியும். தண்டு மரத்தில் படுவதில்லை. அதனால் தண்டைச் சும்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வைத்துவிடுவேன். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று நான் யோசிக்கவில்லை. ஒருவேளை வாய் புதிதாக இருந்தபோது எண்ணெயையும் மீறிப் பிடித்திருக்கும், தேயத் தேயப் பிடி விட்டிருக்கும். இதெல்லாம் பிற்பாடு வந்த அறிவு.

அது ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணிச் சாயா இன்னும் வரவில்லை. தங்கப்பன் சேட்டன் வரிசையாகக் கழுத்துகளுக்குக் காடி வெட்டிக்கொண்டிருந்தார். நான் எதிர்ச் சுவர் ஓரமாக பாலிஷில் இருந்தேன். இயந்திரத்தின் சத்தம் திடீரென்று கனத்தது. வெட்டு ஆழமானால் மோட்டாருக்குப் பாரம் கூடும், சத்தம் இறங்கும். ஆனால் அந்தக் காலத்துக் கொச்சியில் வோல்ட்டேஜ் ஒரு நாளைக்குப் பத்து தடவை இறங்கும், அப்போதும் சத்தம் இறங்கும். எங்கள் காதுகளுக்கு அது பழகிப்போன விஷயம். தங்கப்பன் சேட்டன் தலையைத் தூக்காமலே, "வோல்ட்டேஜ் போகுது" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார்.

நான் என் தலைக்கு மேலே இருந்த பல்பைப் பார்த்தேன். பல்பு மங்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். வோல்ட்டேஜ் இறங்கியிருந்தால் பல்பும் மங்கியிருக்க வேண்டுமே என்று மனசு ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். சத்தம் இறங்கினால் முதலில் பல்பைப் பார், பல்பு மங்கவில்லை என்றால் கையை எடு என்று உங்களை விரட்டியிருக்கிறேனே, அது அன்று கற்றது.

பிட் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. கழுத்து மரத்தைத் துளைத்துக்கொண்டு அவர் இடது உள்ளங்கைக்குள் போனது. அவர் பெரிதாகச் சத்தம் போடவில்லை. "அய்யோ, கை" என்றார், யாரோ ஒருவருடைய கையைச் சொல்வதுபோல. நடுவிரலும் மோதிர விரலும் போயின. மற்ற விரல்கள் இருந்தன, ஆனால் பிறகு மடங்கவே இல்லை.

மொதலாளி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளத்துக்குப் போனார். கருவிகள் என் பொறுப்பு என்பதால் இயந்திரத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பிட்டைக் கழற்ற ஸ்பானரைப் போட்டேன். நட்டு அசையவில்லை. மேசையில் காலை ஊன்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன், இரண்டாவது தடவைதான் 'டக்' என்று விட்டது. பிட் என் கையில் வழுக்கி விழுந்தது. தண்டைத் தொட்டேன். தேங்காயெண்ணெய். முகர்ந்துகூடப் பார்த்தேன்.

நட்டு முறுக்கித்தான் இருந்தது. எண்ணெய்தான் பிட்டை வழுக்கவிட்டது. எண்ணெயை வைத்தது நான். இந்த மூன்றும் அந்த ஒரு நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

மாலையில் திரும்பி வந்த மொதலாளி யாரையும் எதுவும் கேட்கவில்லை. "முறுக்கியிருக்க மாட்டான். ஸ்ரத்த இல்ல" என்றார். அவருக்குக் கவனம் என்பது ஸ்ரத்தைதான், தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நட்டை முறுக்காமல் விட்டால் பிட் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம், அதனால் அதுவே போதுமானதாக இருந்தது. நான் பாலிஷ் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குக் கேட்கவே செய்தது: பெண்பிள்ளை கையில் கருவியைக் கொடுத்தால் இப்படித்தான். பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கப்பன் சேட்டன் வந்தார். கட்டு இன்னும் முழுசாக அவிழவில்லை. மொதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "முறுக்கினேன்னுதான் தோணுது மொதலாளி" என்றார். தோணுது என்கிற அந்தச் சொல்லிலேயே அவர் பாதி தோற்றுப்போயிருந்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"மல்லிகா, பிட்டை நீதானே கழட்டினே?"

"ஆமா சேட்டா."

"நட்டு எப்படி இருந்துச்சு? முறுகி இருந்துச்சா, லூசா இருந்துச்சா?"

மொதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"எனக்கு ஓர்மை இல்ல சேட்டா" என்றேன், ஞாபகமே இல்லாதவள்போல.

அவர் தலையை ஆட்டினார். "அன்னைக்கு இருந்த கோலத்துல உனக்கு எப்படி ஓர்மை இருக்கும்" என்று எனக்காக அவரே ஒரு சமாதானமும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. சந்தில் வேறு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நட்டு முறுக்காத தங்கப்பன் என்று பெயர் பரவிவிட்டது. மனைவியின் ஊரான கும்பளங்கிக்குப் போய், இறால் வளர்க்கும் ஒரு செம்மீன் கெட்டில் காவல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சொல்லக் கூசுகிற பகுதி. விபத்துக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்துவிடுவேன். பாலிஷுக்கான ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒவ்வொரு தண்டையும் துடைப்பேன். இயந்திரத்தின் வாய்க்குள்ளும் துணியை விட்டுத் துடைப்பேன். எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று, சனிக்கிழமை முக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. இப்படியாவது இன்னொரு கை போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பிட் நகரவே இல்லை. அதைப் பார்த்து மொதலாளி புதிதாக வருகிறவர்களிடம், "தங்கப்பன் போனபிறகு ஒரு தடவை பிட் இளகியிருக்கா? கேட்டுப் பாருங்க. மெஷின்ல ஒண்ணும் இல்ல, ஆள்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் ஒளித்துச் செய்த நல்ல காரியமே அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் எவ்வளவு சுத்தமாகத் துடைத்தேனோ அவ்வளவு தூரம் அவர் குற்றவாளியானார். இப்படியே ஏழு வருஷம்.

இதற்குள் பாலிஷிலிருந்து ரௌட்டர் மேசைக்கு நானும் வந்துவிட்டேன். அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் செய்த வேலையைச் செய்தேன். அந்த மேசையில் என்னோடு இன்னொரு ஆள் வர்கீஸ், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல பிட்டுகளை எண்ணெயில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு இரவே காய்ச்சல் கொதித்தது. இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. புதன்கிழமை போனால், வர்கீஸ் மொதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். திங்கட்கிழமை பிட் ஏறி ஒரு கழுத்து ஓட்டையாகியிருந்தது. நல்லவேளை, அவன் கை கொஞ்சம் தள்ளி இருந்தது.

"முறுக்கினேன் மொதலாளி. முறுக்கினதாத்தான் எனக்குத் தோணுது" என்றான் வர்கீஸ்.

அதே சொல். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மொதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. யோசித்திருந்தால் மறுபடியும் எனக்கு ஓர்மை இல்லாமல் போயிருக்கும்.

"மொதலாளி, ஒரு நிமிஷம் மேசைக்கு வாங்க" என்றேன். எண்ணெய் டப்பாவிலிருந்து ஒரு பிட்டை எடுத்து, வெட்டும் முனையை மட்டும் துடைத்து, வாயில் விட்டேன். ஸ்பானரை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே முறுக்குங்க. உங்களால ஆன மட்டும்." முறுக்கினார். கைநரம்பு புடைக்கிற அளவுக்கு முறுக்கினார். ஒரு தேக்குத் துண்டை எடுத்து, பிட் மேலே எட்டாத அளவுக்குத் தடித்த துண்டு, ஓரத்தைப் பிடித்துத் தள்ளினேன். சத்தம் இறங்கியது. பல்பு மங்கவில்லை. பிறகு அதே பிட்டைக் கழற்றி, தண்டையும் வாயையும் ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடியும் அவரையே முறுக்கச் சொல்லி, முதல் காடிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது காடி வெட்டினேன். துண்டைத் திருப்பி வைத்தேன். ஒன்று போகப் போக ஆழமாகிச் சரிந்திருந்தது. மற்றொன்று நேராக இருந்தது. இரண்டையும் முறுக்கியது ஒரே கை.

மொதலாளி அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"தங்கப்பன் சேட்டன் கை போன அன்னைக்கே தெரியும். நட்டு முறுகித்தான் இருந்துச்சு. கழட்டினது நான்தானே."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கழிஞ்சது கழிஞ்சு. வர்கீஸ் நிக்கட்டும், நீயும் நில்லு. இதை வெளியில யார்கிட்டயும் பறய வேண்டா" என்றார். என் வேலை போகவில்லை. ஏழு வருஷமாகப் பயந்த பயத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. அந்த நிம்மதியைவிட அசிங்கமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேக்குத் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கும்பளங்கிக்குப் பஸ் ஏறினேன். தங்கப்பன் சேட்டன் கெட்டின் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், முகம் மலர்ந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் டப்பாவிலிருந்து தொடங்கி. துண்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் வலதுகைக் கட்டைவிரலை நேரான காடியில் ஓட்டினார். பிறகு சரிந்த காடியில் ஓட்டினார். முனைவரை போய் நின்றது விரல்.

"இதுக்கு முறுக்கினது யாரு?"

"மொதலாளி."

"நல்லா முறுக்கினாரா?"

"ஆமா சேட்டா. ஆன மட்டும் முறுக்கினார்."

அவர் என்னைத் திட்டவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "எடி, இங்க வா. நான் முறுக்கித்தான் இருந்தேன். கேட்டியா? நட்டை நான் முறுக்கித்தான் இருந்தேன்." அவர் குரல் உடைந்துபோய் இருந்தது. அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துண்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன புரிந்தது என்று தெரியாது. புருஷன் முகத்தைப் பார்த்தபோது எல்லாம் புரிந்துவிட்டது.

"ராத்திரி தூக்கத்துல கையைத் திருகித் திருகிக் காட்டுவாரு, இப்படித்தானே முறுக்கினேன்னு. நீங்க முறுக்கலன்னு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீதானே மல்லிகா? ஓர்மை இல்லன்னு சொன்னது நீதானே?"

"ஆமா."

"ஓர்மை வர ஏழு வருஷமா?"

நான் படியிறங்கினேன். தங்கப்பன் சேட்டன் துண்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.